மரபணுவின் நகலைத் திருத்தும் மருந்துகள்

"மரபணுவையே மாற்றிவிடும் ஊசி வந்துவிட்டதாமே, அதைப் போட்டால் நோய் அடியோடு போய்விடுமா?" மரபணு நோய் என்று உறுதிசெய்யப்பட்ட குழந்தையின் பெற்றோர் எங்களிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. செய்தித்தாளிலோ கைப்பேசியிலோ அவர்கள் படித்தது பெரும்பாலும் ஒரு குறிப்பிட்ட வகை மருந்தைப் பற்றியதாக இருக்கிறது. அம்மருந்துகள் மரபணுவை மாற்றுவதில்லை. மரபணுவிலிருந்து எடுக்கப்படும் நகலில் மட்டுமே செயல்படுகின்றன. கேட்பதற்குச் சிறிய வேறுபாடுதான். ஆனால் சிகிச்சையை எப்போது தொடங்குவது, எத்தனை காலம் தொடர்வது, யாருக்கு அது பயன்படும், அடுத்த பிள்ளைக்கும் நோய் வருமா என்ற கேள்விகள் அனைத்துக்கும் விடை அந்த வேறுபாட்டில்தான் இருக்கிறது. ஆகவே அதைச் சற்று விரிவாகவே இங்கு எழுதுகிறோம்.

நிலத்தின் மூலப் பத்திரத்தை யாரும் கையில் எடுத்துக்கொண்டு அலுவலகம் அலுவலகமாக அலைவதில்லை. அதைப் பெட்டியில் பூட்டிவைத்துவிட்டு நகலைக் கொண்டே காரியம் பார்ப்போம். உயிரணுவும் அவ்வாறே நடந்துகொள்கிறது. டி.என்.ஏ. என்ற மூலப் பத்திரம் உட்கருவுக்குள் இருக்கிறது. ஒரு புரதம் தேவைப்படும்போது அதற்குரிய மரபணு, ஆர்.என்.ஏ. என்னும் நகலாக எழுதப்படுகிறது. முதலில் எழுதப்படும் நகலில் வேண்டாத பகுதிகளும் கலந்திருக்கும். அவை வெட்டி நீக்கப்பட்டு, எக்சான் எனப்படும் வேண்டிய பகுதிகள் பக்கங்களைக் கோப்பதுபோல வரிசையாக இணைக்கப்படுகின்றன. இவ்வாறு கோக்கப்பட்ட நகல் உட்கருவை விட்டு வெளியே வருகிறது. அங்கே ரைபோசோம் என்னும் நுண்ணிய ஆலை அதைப் படித்துப் புரதத்தை உருவாக்குகிறது. நகலின் ஆயுள் குறைவு. வேலை முடிந்ததும் அது சிதைக்கப்படும். தேவையானால் புதியது எழுதப்படும்.

ஆர்.என்.ஏ.வின் எழுத்துகள் நான்கே: ஏ, யு, ஜி, சி. இவற்றுள் ஏ என்பது யு என்பதோடும், ஜி என்பது சி என்பதோடும் இணை சேரும். எனவே ஒரு நகலின் குறிப்பிட்ட இடத்திலுள்ள எழுத்து வரிசை நமக்குத் தெரிந்தால், அதற்கு நேர் இணையான சிறு இழை ஒன்றைச் செயற்கையாகச் செய்து அந்த இடத்தில் மட்டும் ஒட்டவைக்கலாம். 1978ஆம் ஆண்டு ஹார்வர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பால் சமெக்னிக், மேரி ஸ்டீபன்சன் ஆகிய இருவரும் 13 எழுத்துகள் கொண்ட அத்தகைய இழையைக் கொண்டு, கோழியின் உயிரணுக்களில் ஒரு வைரசின் பெருக்கத்தைத் தடுத்துக் காட்டினர்.

கருத்து எளிமையானது. அது மருந்தாகப் பல ஆண்டுகள் ஆயின. உடல், வெளியிலிருந்து வரும் இத்தகைய இழையைப் பகையாகவே கருதுகிறது. நம் குருதியில் உள்ள நொதிகள் இயற்கையான இழையைச் சில நிமிடங்களிலேயே துண்டாடிவிடும். ஆகவே எழுத்துகளை அப்படியே வைத்துக்கொண்டு, அவற்றைத் தாங்கி நிற்கும் முதுகெலும்பு போன்ற சங்கிலியை மட்டும் மாற்ற வேதியியலாளர்கள் முனைந்தனர். சிலர் ஓர் ஆக்சிஜன் அணுவை எடுத்துவிட்டுக் கந்தக அணுவை அமர்த்தினர். சிலர் சர்க்கரைப் பகுதியில் ஒரு வேதிக் குழுவைச் சேர்த்தனர். சர்க்கரையையே நீக்கிவிட்டு மார்ஃபோலின் என்ற வளையத்தைப் பொருத்தியவர்களும் உண்டு. அவ்வகை இழைக்கு மார்ஃபோலினோ என்று பெயர். 1991இல் கோபன்ஹேகனில் பீட்டர் நீல்சனும் உடன் பணியாற்றியவர்களும் எல்லோரையும் விட ஒரு படி மேலே சென்றனர். சர்க்கரையையும் பாஸ்பேட்டையும் முற்றிலும் அகற்றிவிட்டுப் புரதத்தை ஒத்த சங்கிலியின்மேல் அதே எழுத்துகளைத் தொங்கவிட்டனர். பெப்டைடு நியூக்ளிக் அமிலம் எனப்படும் இந்தப் போலி இழை, இயற்கை இழையைவிட இறுக்கமாக இலக்கைப் பற்றிக்கொள்கிறது. நியூக்ளிக் அமிலத்தைச் சிதைக்கும் நொதிகளுக்கோ புரதத்தைச் சிதைக்கும் நொதிகளுக்கோ அது எளிதில் வசப்படுவதில்லை. ஆயினும் உயிரணுவுக்குள் தானாக நுழைவது அதற்குக் கடினமாக இருப்பதால், மருந்து என்ற நிலையை அது இன்னும் எட்டவில்லை. ஆய்வகத்தில், புற்றுக் கட்டியின் மாதிரியில் ஒளிந்திருக்கும் சிறு மரபணு மாற்றத்தைக் கண்டறியும் சோதனைகளில் அது உதவுகிறது.

இந்தக் குடும்பத்திலிருந்து முதன்முதலில் அனுமதி பெற்ற மருந்து ஃபோமிவிர்சென். எய்ட்ஸ் நோயாளிகளின் விழித்திரையைத் தாக்கிப் பார்வையைப் பறிக்கும் ஒரு வைரசுக்கு எதிராக, நேரடியாகக் கண்ணுக்குள் செலுத்தப்படும் ஊசியாக 1998இல் அது அமெரிக்காவில் வந்தது. எய்ட்சுக்கு நல்ல மருந்துகள் வந்தபின் அதன் தேவை மங்கிப்போயிற்று. இத்துறை உண்மையில் குடும்பங்களின் வாழ்வைத் தொட்டது 2016ஆம் ஆண்டு டிசம்பரில், நுசினெர்சென் என்ற மருந்து அனுமதி பெற்றபோதுதான்.

எஸ்.எம்.ஏ. எனப்படும் முதுகுத் தண்டுவடத் தசைநலிவு நோய் ஏறக்குறைய 10,000 பிறப்புகளில் ஒன்றுக்கு வருகிறது. இந்நோயுள்ள குழந்தைகளிடம் எஸ்.எம்.என்.1 என்ற மரபணு இருப்பதில்லை, அல்லது செயல்படுவதில்லை. தசைகளை இயக்கும் நரம்பணுக்கள் உயிர்வாழத் தேவையான புரதத்தை அளிப்பது அந்த மரபணுதான். கடுமையான வகையில், பிறந்து 6 மாதத்திற்குள் கைகால்கள் துவண்டுபோகும், தலை நிற்காது, பால் உறிஞ்சவும் மூச்சுவிடவும் குழந்தை திணறும். சிகிச்சையின்றி, மூச்சுக் கருவியின் துணையுமின்றி, இரண்டாம் பிறந்தநாளைக் காணும் குழந்தைகள் மிகச் சிலரே.

ஆனால் இயற்கை ஒரு மாற்றுப் பிரதியையும் வைத்திருக்கிறது. எஸ்.எம்.என்.2 என்ற மரபணு, முதலாவதை ஏறத்தாழ முழுமையாக ஒத்தது. ஏழாம் எக்சானில் ஒரே ஓர் எழுத்து மாறியிருப்பதுதான் குறை. அந்த ஓர் எழுத்தினால், நகலைக் கோக்கும்போது ஏழாம் பக்கம் பெரும்பாலும் விடுபட்டுப்போகிறது. பக்கம் விடுபட்ட நகலிலிருந்து பிறக்கும் புரதம் நிலைப்பதில்லை. ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு நகல்களே முழுமையாக அமைகின்றன. ஒருவருக்கு எஸ்.எம்.என்.2 பிரதிகள் எத்தனை உள்ளன என்பதைப் பொறுத்து நோயின் கடுமை பெரும்பாலும் கூடியும் குறைந்தும் அமைகிறது. மருத்துவர் அந்த எண்ணிக்கையை ஏன் திரும்பத் திரும்பக் கேட்கிறார் என்பது இப்போது விளங்கும்.

ஏழாம் பக்கத்தை விட்டுவிடும்படி தூண்டும் ஒரு சிறு பகுதி, அதை அடுத்துள்ள இடத்திலேயே இருப்பதை மசாச்சூசெட்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரவீந்திர சிங் குழுவினர் 2006இல் வெளியிட்டனர். அந்த இடத்தை மறைத்துவிட்டால் பக்கம் விடுபடாது. கோல்டு ஸ்பிரிங் ஹார்பர் ஆய்வகத்தின் ஏட்ரியன் கிரைனரும் ஐயோனிஸ் நிறுவனத்தின் ஃபிராங்க் பென்னட் குழுவினரும் பலவகை இழைகளைச் சோதித்து, 18 எழுத்துகள் கொண்ட ஒன்றைத் தேர்ந்தனர். அதுவே நுசினெர்சென். மூலப் பத்திரத்தில் ஓர் எழுத்தும் மாறுவதில்லை. நகலைக் கோக்கும் இடத்தில் ஒரு விரலை வைத்து, 'இப்பக்கத்தை விடாதே' என்று காட்டுவது மட்டுமே இம்மருந்தின் பணி.

அதன் பயன் எவ்வளவு? நோய் வெளிப்பட்ட கைக்குழந்தைகளிடம் நடத்தப்பட்டு 2017இல் வெளியான ஆய்வில், மருந்து பெற்றவர்களுள் 51 விழுக்காட்டினர் தலையை நிறுத்துதல், புரளுதல், உட்காருதல் போன்ற இயக்கங்களில் முன்னேறினர். மருந்து பெறாத பிரிவில் ஒரு குழந்தைகூட அந்த அளவை எட்டவில்லை. இதே ஆய்வின் மற்றொரு பக்கத்தையும் பெற்றோர் அறிய வேண்டும். மருந்து பெற்றவர்களிலும் 39 விழுக்காட்டினர் இறந்தனர் அல்லது நிலையாக மூச்சுக் கருவியைச் சார்ந்தனர். மருந்து பெறாதவர்களில் அது 68 விழுக்காடு.

இந்த வேறுபாட்டுக்குப் பெருங்காரணம் காலம். ஏற்கெனவே மடிந்துபோன நரம்பணுவை எந்த நகலாலும் எழுப்ப முடியாது. இம்மருந்தால் எஞ்சியிருப்பவற்றைக் காக்க மட்டுமே முடியும். அறிகுறி தோன்றும் முன்னரே, பிறந்த சில வாரங்களுக்குள் மருந்து தொடங்கப்பட்ட 25 குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்த மற்றோர் ஆய்வு இதனைத் தெளிவாகக் காட்டியது. ஏறக்குறைய மூன்று வயதை எட்டிய நிலையில் 25 பேரும் உயிருடன் இருந்தனர். எவருக்கும் நிலையான மூச்சுக் கருவி தேவைப்படவில்லை. அனைவரும் துணையின்றி உட்கார்ந்தனர். 88 விழுக்காட்டினர் தாமாகவே நடந்தனர். மருந்தும் நோயும் அவைதாம். சில வாரங்களே இடையில் உள்ள வேறுபாடு. "பிள்ளை கொஞ்சம் மந்தமாக வளர்கிறான், போகப்போகச் சரியாகிவிடும்" என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வது அன்பினால்தான். ஆயினும் மூன்று மாதத்தில் தலை நிற்காத, கைகால்களை உதைத்து விளையாடாத குழந்தையைக் காத்திருக்காமல் அழைத்து வாருங்கள் என்று நாங்கள் வற்புறுத்துவதற்கு இதுவே காரணம்.

இம்மருந்தை முதுகில் ஊசி வழியாகத் தண்டுவடத் திரவத்தில் செலுத்துகிறோம். கையில் போட்டால் என்ன என்று பலர் கேட்கின்றனர். குருதிக்கும் மூளைக்கும் இடையேயுள்ள தடுப்பை இந்தப் பெரிய மூலக்கூறு தாண்டுவதில்லை. வழக்கமான அளவு 12 மில்லிகிராம். முதல் நாள், 14ஆம் நாள், 28ஆம் நாள், அதன்பின் ஒரு மாதம் கழித்து என நான்கு தவணைகள் செலுத்தியபின், நான்கு மாதங்களுக்கு ஒருமுறை தொடர வேண்டும். தண்டுவடத் திரவத்தில் மருந்து மாதக்கணக்கில் தங்குவதால்தான் இந்த இடைவெளி சாத்தியமாகிறது. ஊசிக்குப் பின் முதுகுவலி, தலைவலி, வாந்தி ஆகியவை வரலாம். ஒவ்வொரு தவணைக்கு முன்பும் குருதியில் தட்டணுக்களின் எண்ணிக்கை, குருதி உறையும் தன்மை, சிறுநீரில் புரதம் ஆகியவற்றைப் பார்ப்போம். இச்சோதனைகளைச் சடங்கு என்று எண்ணவேண்டாம். இந்த மருந்துக் குடும்பத்தில் சில, தட்டணுக்களையும் சிறுநீரகத்தையும் பாதித்தது உண்டு. முதுகெலும்பு வளைந்த பிள்ளைகளுக்கு ஊசி செலுத்துவது கடினமாகலாம். எனவே வளைவை நிமிர்த்தும் அறுவை சிகிச்சைக்கு நாள் குறிக்கும் முன், ஊசிக்கு வழிவிட்டு எலும்பைப் பொருத்த முடியுமா என்று இரு பிரிவு மருத்துவர்களும் கலந்து பேசும்படி கேளுங்கள்.

எஸ்.எம்.ஏ.வுக்கு இன்று வேறு வழிகளும் உண்டு என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறோம். ரிஸ்டிப்லாம் என்ற வாய்வழி மருந்து செயற்கை இழை அன்று, சிறு மூலக்கூறு. எனினும் அதே ஏழாம் பக்கத்தையே அதுவும் காக்கிறது. செயல்படும் மரபணுவை வைரஸ் ஊர்தி மூலம் ஒருமுறை கொண்டுசேர்க்கும் சிகிச்சையும் உள்ளது. எது பொருந்தும் என்பது வயது, எடை, நோயின் நிலை, கிடைக்கும் வசதி ஆகியவற்றைப் பார்த்து முடிவு செய்ய வேண்டியது.

டுசேன் தசைச் சிதைவு நோயில் இதற்கு நேர்மாறான உத்தி கையாளப்படுகிறது. அங்கே ஒரு பக்கத்தை வேண்டுமென்றே விடச் செய்கிறார்கள். ரைபோசோம் நகலை மூன்று மூன்று எழுத்தாகவே படிக்கும். 'அவன் மரம் நடும் இடம்' என்ற தொடரை எடுத்துக்கொள்வோம். இதில் 'வ' என்ற ஓர் எழுத்து தொலைந்துவிட்டால், மூன்று மூன்றாகப் படிப்பவருக்கு 'அன்ம ரம்ந டும்இ டம்' என்றே தோன்றும். ஒன்றும் விளங்காது. மீதமிருக்கும் 'அ', 'ன்' ஆகிய இரண்டையும் சேர்த்தே நீக்கிவிட்டால் 'மரம் நடும் இடம்' என்று படிக்க முடியும். ஒரு சொல் போயிற்று. பொருள் பெரிதும் எஞ்சியது. எட்டெப்லிர்சென் என்ற மார்ஃபோலினோ மருந்து, டிஸ்ட்ரோஃபின் மரபணுவின் 79 எக்சான்களில் 51ஆவதை இவ்வாறு தாண்டச் செய்கிறது. டுசேன் நோயுள்ள சிறுவர்களில் ஏறக்குறைய 13 விழுக்காட்டினருக்கே அந்தத் தாண்டல் பொருந்தும். 53ஆம், 45ஆம் எக்சான்களுக்கு வேறு மருந்துகள் வந்துள்ளன. பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கும் அதே நோய்தான், அவனுக்குத் தரும் மருந்தை என் மகனுக்கு ஏன் தரவில்லை என்ற வேதனைக்கு விடை, பரிசோதனை அறிக்கையின் அந்த எண்ணில் இருக்கிறது.

இந்த மருந்தைப் பற்றி எங்கள் கருத்தையும் மறைக்க விரும்பவில்லை. 2016இல் அமெரிக்கா இதற்கு விரைவு அனுமதி அளித்தபோது நிபுணர்களிடையே கடும் கருத்து வேறுபாடு நிலவியது. மூன்றரை ஆண்டுகள் வாரந்தோறும் ஊசி போட்டபின் தசையில் காணப்பட்ட டிஸ்ட்ரோஃபின், இயல்பான அளவில் ஒரு விழுக்காட்டுக்கும் சற்றுக் குறைவு. ஐரோப்பிய மருந்து முகமை 2018இல் இதற்கு அனுமதி மறுத்தது. நுசினெர்செனுக்கு உள்ள சான்றின் வலிமை இதற்கு இல்லை என்பதே எங்கள் மதிப்பீடு. வீட்டை விற்று வெளிநாட்டிலிருந்து தருவிக்க எண்ணும் குடும்பத்திடம் இதை முன்கூட்டியே சொல்வது எங்கள் கடமை.

தோற்றுப்போன முயற்சிகளும் உண்டு. ஹண்டிங்டன் நோயில் தீங்கு செய்யும் புரதத்தின் அளவைக் குறைக்க வடிவமைக்கப்பட்ட டோமினெர்சென் என்ற இழை, பெரும் எதிர்பார்ப்புக்கிடையே இறுதிக்கட்ட ஆய்வுக்கு வந்தது. 2021 மார்ச்சில் அந்த ஆய்வில் மருந்து கொடுப்பது நிறுத்தப்பட்டது. அடிக்கடி மருந்து பெற்றவர்களின் நிலை, போலி மருந்து பெற்றவர்களைவிட மோசமாக இருந்ததே காரணம். நகலை இடைமறிக்க முடிவது ஒன்று. நோயாளி நலமடைவது வேறொன்று.

ஒரே ஒரு நோயாளிக்காகவே செய்யப்பட்ட மருந்தும் உண்டு. மூளையைச் சிதைக்கும் பேட்டன் நோயின் அரிய வகை ஒன்றால் பாதிக்கப்பட்ட மிலா என்ற அமெரிக்கச் சிறுமிக்காக, பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனையின் டிமதி யூ குழுவினர், அவளுடைய மரபணு மாற்றத்துக்கு மட்டுமே பொருந்தும் இழையை ஏறக்குறைய ஓராண்டுக்குள் உருவாக்கினர். அவள் பெயரைத் தழுவி அதற்கு மிலாசென் என்று பெயரிட்டனர். வலிப்புகள் குறைந்தன. நோய் ஏற்கெனவே வெகுதூரம் முன்னேறியிருந்தது; 2021இல் அவள் இறந்தாள்.

அரிய நோய் இல்லாதவர்களுக்கும் இக்குடும்பத்தின் ஒரு கிளை இன்று நெருங்கி வந்துள்ளது. சிறு ஆர்.என்.ஏ. இழைகளால் ஒரு குறிப்பிட்ட நகலை அழிக்கச் செய்யலாம் என்பதை 1998இல் விளக்கிய ஆண்ட்ரூ ஃபயர், கிரேக் மெல்லோ இருவரும் 2006இல் நோபல் பரிசு பெற்றனர். அவ்வழியில் உருவான இன்க்ளிசிரான், கெட்ட கொழுப்பைக் குருதியிலிருந்து அகற்றும் பணிக்கு இடையூறாக இருக்கும் ஒரு புரதத்தின் நகலைக் கல்லீரலில் அழிக்கிறது. கல்லீரல் உயிரணுக்கள் விரும்பி உள்ளிழுக்கும் ஒருவகைச் சர்க்கரையோடு அது பிணைக்கப்பட்டிருப்பதால், தோலுக்கடியில் போடும் ஊசியே போதும். முதல் ஊசி, மூன்று மாதம் கழித்து இரண்டாவது, பின்னர் ஆறு மாதத்துக்கு ஒன்று. கெட்ட கொழுப்பு ஏறக்குறைய பாதியாகக் குறைகிறது. இந்த ஊசி போடுகிறோமே என்று அன்றாட ஸ்டேட்டின் மாத்திரையைத் தாமாக நிறுத்திவிடக் கூடாது. பெரும்பாலும் இரண்டும் சேர்ந்தே தரப்படுகின்றன.

கண்ணுக்குள், முதுகில், தோலுக்கடியில், சிரையில் என்று இதுவரை சொன்ன செயற்கை இழை மருந்துகள் எல்லாமே ஊசிகளாக இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். வாயால் உட்கொண்டால் இவை செரிமானத்தில் சிதைந்துவிடும். மாத்திரையாகவோ பொடியாகவோ 'ஆர்.என்.ஏ. சிகிச்சை' என்று யாராவது விற்க வந்தால் பணத்தைக் கொடுக்கும் முன் எங்களிடம் ஒரு சொல் கேளுங்கள்.

நகல் அழிந்து அழிந்து எழுதப்படுவது என்பதால் மருந்தும் தொடர்ந்து தேவைப்படுகிறது. செலவின் சுமை இங்கேதான் அழுத்துகிறது. நுசினெர்சென் அமெரிக்காவில் அறிமுகமானபோது அதன் விலை முதல் ஆண்டுக்கு 7,50,000 டாலர், பின்னர் ஆண்டுதோறும் 3,75,000 டாலர். இந்திய அரசின் 2021ஆம் ஆண்டு அரிய நோய்க் கொள்கையின்படி, அறிவிக்கப்பட்ட சிறப்பு மையங்கள் வழியாக ஒரு நோயாளிக்கு 50 லட்சம் ரூபாய் வரை உதவி கிடைக்கலாம். ஆண்டாண்டுக்கும் தொடரும் சிகிச்சைக்கு அத்தொகை போதாது. முதல் தவணைக்குப் பணம் திரட்டும்போதே அடுத்த ஆண்டுகளுக்கான வழியையும் எங்கள் மருத்துவச் சமூகப் பணியாளரோடு அமர்ந்து பேசுங்கள். தொடங்கிய மருந்து பாதியில் நின்றால், உடலில் தங்கியுள்ள மருந்து குறையக் குறைய நகல்கள் பழையபடியே கோக்கப்படும்.

மூலப் பத்திரம் மாறுவதில்லை என்பதற்கு இன்னொரு விளைவும் உண்டு. குழந்தை மருந்தால் நன்றாகத் தேறி வந்தாலும், பெற்றோர் இருவரும் எஸ்.எம்.ஏ.வைக் கடத்துபவர்களாக இருந்தால், அடுத்து உருவாகும் ஒவ்வொரு கருவுக்கும் நோய் வர நான்கில் ஒரு வாய்ப்பு முன்போலவே இருக்கிறது. இது யாருடைய குற்றமும் அன்று. தாயின் உணவோ கிரகணமோ இதற்குக் காரணம் அல்ல. கருவுறுவதற்கு முன்பே மரபியல் ஆலோசனைக்கு வருவது நல்லது. கருவுற்றிருந்தால் காலம் தாழ்த்த வேண்டாம். நச்சுக்கொடித் திசுச் சோதனை பொதுவாக 10 முதல் 13 வாரங்களுக்குள் செய்யப்படுவது. வரும்போது மூத்த குழந்தையின் மரபணு அறிக்கையை, முடிவு எழுதப்பட்ட கடைசிப் பக்கத்தை மட்டுமன்றி எல்லாப் பக்கங்களையும், கொண்டுவாருங்கள். எஸ்.எம்.ஏ.வாக இருந்தால் எஸ்.எம்.என்.2 பிரதிகளின் எண்ணிக்கையும், டுசேனாக இருந்தால் விடுபட்ட எக்சான்களின் எண்களும் அதில் உள்ளனவா என்று பாருங்கள். இல்லையென்றால் சோதனை செய்த ஆய்வகத்திடமே எழுத்துமூலம் கேட்டுப் பெறலாம். அதற்கான கடிதத்தை நாங்கள் எழுதித் தருகிறோம்.